தாம்பரம் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் நெஞ்சக நோய் மருத்துவமனை வாசலில் ஒரு நாள் காலை ஒருவர் ஆட்டோவை விட்டு இறங்கினார். காலில் துண்டு சுற்றியிருந்தது, துண்டு முழுக்க ரத்தம். கிரைண்டர் கல்லைத் தூக்கும்போது நழுவி விழுந்துவிட்டதாம். "கவர்மென்ட் ஆஸ்பத்திரின்னுதான் சொன்னேன், இங்க கொண்டாந்து விட்டுட்டாரு" என்று புலம்பினார். அன்று அவர் போயிருக்க வேண்டியது குரோம்பேட்டை ஜி.எச்.சுக்கு. ஒரு ஸ்டேஷன் தூரம்தான். ஆனால் காலை நேரத்து ஜி.எஸ்.டி. சாலையில், அதாவது இந்தப் பக்கத்து நெடுஞ்சாலையில், அந்த ஒரு ஸ்டேஷன் தூரம் எவ்வளவு நீளும் என்று இந்தப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டோக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த இடத்துக்குப் பெயர் வந்ததே ஆஸ்பத்திரியால்தான். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக அங்கே ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937-ல் அது அரசின் கைக்கு வந்தது. அப்புறம் ரயில் நிலையத்துக்கும் வட்டாரத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அதே சானடோரியத்தில் திறந்தாயிற்று. ஆகவே "சானடோரியம் ஆஸ்பத்திரி" என்றால் ஒருவருக்கு டி.பி. ஆஸ்பத்திரி, இன்னொருவருக்குச் சித்தா ஆஸ்பத்திரி. வண்டி ஏறும்போது ஊர்ப் பெயரோடு என்ன ஆஸ்பத்திரி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதுக் கட்டடம் வந்து பிரிவுகள் இடம் மாறுவதும் உண்டு என்பதால், முன்பு பார்த்த அதே அறைக்கு நேராகப் போய் நிற்காமல் வாசலிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது 108. தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஓடுகிற ஆம்புலன்ஸ் சேவை, காசு கிடையாது, எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, எப்படி முகவரி சொல்வது என்பது. எங்கள் பகுதிக்காரர்கள் "சென்னை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். தபால் முகவரியும் சென்னை 44, 45, 47 என்றுதான் இருக்கிறது. ஆனால் 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனபோது தாம்பரம், பல்லாவரம் எல்லாம் அதற்குள் போய்விட்டன. மாவட்டம் கேட்டால் செங்கல்பட்டு என்று சொல்ல வேண்டும்.

இதைவிடப் பெரிய குழப்பம் தெருப் பெயரில். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒவ்வொன்றும் தனித்தனி ஊராக இருந்த காலத்தில் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு காந்தி தெரு, ஒரு பாரதி தெரு, ஒரு பிள்ளையார் கோயில் தெரு வைத்துக்கொண்டது. இப்போது எல்லாம் தாம்பரம். "தாம்பரம், காந்தி தெரு" என்று மட்டும் சொன்னால் வண்டி எங்கே வேண்டுமானாலும் போகலாம். சிட்லபாக்கம், செம்பாக்கம், பம்மல், பீர்க்கன்காரணை என்று பழைய ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். அடையாளம் சொல்லும்போது போன மாதம் திறந்த பேக்கரியைச் சொல்லாதீர்கள். கோயில், தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, பள்ளிக்கூடம், இவைதான் ஓட்டுநருக்குத் தெரியும்.

போன் செய்த பிறகு நடக்கிற தவறு ஒன்று இருக்கிறது. அதை நானே செய்திருக்கிறேன். 108-க்குச் சொல்லிவிட்டு, அதே போனில் மச்சானுக்கு, சித்தப்பாவுக்கு, ஊரில் இருக்கும் அக்காவுக்கு என்று வரிசையாகப் பேச ஆரம்பித்துவிடுவோம். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வழி கேட்க அந்த எண்ணுக்குத்தான் அழைப்பார். அவருக்கு லைன் கிடைக்காது. சொந்தக்காரர்களுக்கு வேறு போனில் சொல்லிக்கொள்ளலாம். ஒருவர் தெருமுனைக்கு டார்ச்சோடு போய் நிற்கட்டும். இன்னொருவர் தெருவை அடைத்து நிற்கும் காரின் சொந்தக்காரரை எழுப்பட்டும்.

சரி, சொந்தக் கார் இருக்கிறதே, ஆம்புலன்ஸ் எதற்கு என்று கேட்பவர்கள் நிறைய. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கை முறிவு என்றால் காரிலோ ஆட்டோவிலோ போகலாம், தவறில்லை. நெஞ்சுவலிக்காரரை மட்டும் மூன்றாம் மாடியிலிருந்து நடத்தி இறக்கி, பைக்கில் நடுவே உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு படியும் இதயத்துக்கு வேலை. வழியில் மயங்கினால் பைக்கில் எதுவும் செய்ய முடியாது. ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் இருக்கும், பயிற்சி பெற்ற ஒருவரும் இருப்பார்.

பக்கவாதம் இன்னும் மோசம். என் மாமனாருக்கு ஒரு சாயங்காலம் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. பேச்சு குழறியது. சர்க்கரை இறங்கியிருக்கும் என்று சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். அது முதல் தவறு, விழுங்க முடியாதவருக்கு எதையும் வாயில் கொடுக்கக் கூடாது. அப்புறம் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்துத் தெரு நர்ஸிங் ஹோமுக்கு ஓடினோம். அங்கே டாக்டர் வரவே நாற்பது நிமிஷம். வந்து பார்த்துவிட்டு, சி.டி. ஸ்கேன் எடுக்கணும், இங்கே இல்லை, வேறு இடம் போங்கள் என்றார். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் அறிகுறி தெரிந்ததிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஸ்கேன் எடுக்காமல் போட முடியாது. பிழைத்துக்கொண்டார், ஆனால் வலது கை இன்னமும் முழுசாக வரவில்லை. பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியா, ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரியா என்று கேட்டால் இரண்டாவதுதான். எங்கே இருக்கிறது என்பது 108 ஊழியர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். வாய் கோணியதோ பேச்சு குழறியதோ எத்தனை மணிக்கு என்று மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஏறுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

சாலை விபத்தைப் பார்த்தால் "போலீஸ் கேஸ், நமக்கெதற்கு" என்று விலகிப் போவதும் இந்த ஜி.எஸ்.டி. சாலையில் வழக்கமாகிவிட்டது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் உதவி செய்கிறவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது, பெயர் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும்கூட. காசு யார் கட்டுவது என்று வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கிறவர்களுக்குத் தனித் தொல்லை. ராதா நகர், அஸ்தினாபுரம், சிட்லபாக்கம் ஒரு பக்கம், ஜி.எஸ்.டி. சாலை மறுபக்கம். கூகுள் மேப்பில் ஒன்றரை கிலோமீட்டர் என்று காட்டும். நடந்து போகிறவருக்கு அது உண்மை, காரில் போகிறவர் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அந்தப் பக்கம் போனாலும் சாலை நடுவே தடுப்புச் சுவர் நிற்கிறது. யு-டர்ன் எங்கே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தால் நடுராத்திரியில் தேட வேண்டாம். பஸ்ஸில் வந்து எதிர்ப்பக்கம் இறங்குகிற பெரியவர்கள் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அந்தச் சுவரைத் தாண்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எலும்பை உடைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

ஓ.பி.க்கு, அதாவது வெளிநோயாளியாகப் போகிறவர்கள் பதினொரு மணிக்குக் கிளம்பாதீர்கள். சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரிடம் ஒரு வரிசை, ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று. தாமதமாகப் போனால் நடுவில் ஏதாவது ஒரு கவுன்டர் மூடிவிடும், மறுநாளும் வர வேண்டியதுதான். பழைய சீட்டை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். "அந்த வெள்ளை மாத்திரை" என்றால் எந்த டாக்டருக்கும் புரியாது, அட்டையையே கொண்டுபோங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும்.

பிரசவத்துக்கு 108-ல் போனவர்கள் குழந்தையோடு திரும்பும்போது ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு வாசலில் நிற்பதை அடிக்கடி பார்க்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனால் தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுவிட 102 வண்டி இலவசமாக உண்டு. டிஸ்சார்ஜ் அன்று காலையிலேயே வார்டு நர்ஸிடம் சொல்லிவைத்துவிடுங்கள். சீட்டு கைக்கு வந்த பிறகு மத்தியானம் கேட்டால், அந்த வண்டி வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு மாடம்பாக்கம் பக்கம் போயிருக்கும்.