குளியலறையில் தேங்கிய தண்ணீர்

ஷவரைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. எங்கள் வீட்டில் வாராவாரம் எண்ணெய்க் குளியல், அதோடு போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து, முடியோடும் எண்ணெயோடும் சேர்ந்து குழாய்க்குள் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும்.

ஆசிட் ஊற்றச் சொன்னார்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை. நெடி நெஞ்சை அடைக்கும். சல்லடை மூடியைக் கழற்றி, உள்ளே கவிழ்த்திருந்த கிண்ணத்தைத் தூக்கினேன். கம்பி நுனியைக் கொக்கியாக வளைத்து, குழாய்க்குள் விட்டு இழுத்தால், சீயக்காய் அப்பிய முடிக்கற்றை முழ நீளத்துக்கு வந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. அப்புறம் சோப்புத்தூள் போட்டு, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். பிவிசி குழாய்க்குக் கொதிநீர் ஆகாது. கிண்ணத்தை மறக்காமல் திரும்ப வைத்தேன். அது இல்லையென்றால் சாக்கடை வாடையும் கரப்பானும் நேராக மேலே வந்துவிடும்.