பனி மாதத்தில் பெற்றோரோடு காசிக்கு: எதை எந்தப் பையில் வைப்பது

காசிக்கு என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் கேட்பது எந்த மாதம், யார் யார் போகிறீர்கள் என்றுதான். இங்கே எழுதுவது டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ, அறுபது எழுபது வயது அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து ரயிலில் கிளம்புகிறவர்களுக்காக. நான் இரண்டு தடவை அப்படிப் போயிருக்கிறேன். முதல் தடவை எல்லாச் சாமானும் இருந்தது, ஆனால் வேண்டிய நேரத்தில் ஒன்றுமே கைக்கு வரவில்லை. அப்பாவின் சர்க்கரை மாத்திரை பெரிய பெட்டிக்குள் இருந்தது, பெட்டி கீழ் பெர்த்துக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டிக் கிடந்தது, அதற்கு முன்னால் இன்னொரு குடும்பத்தின் மூட்டைகள், விளக்கை அணைத்து எல்லோரும் தூங்கிவிட்டார்கள். இருட்டில் குனிந்து அதை இழுத்து எடுத்து முடிப்பதற்குள் அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு சாமான் பட்டியல் போடுவதற்கு முன்பே எது எந்தப் பையில் போகும் என்றுதான் யோசிக்கிறேன்.

மூன்று பை போதும். பெர்த்தில் தலைமாட்டிலேயே இருக்கும் ஒரு பை, சீட்டுக்கு அடியில் போகிற பை, படித்துறைக்கு எடுத்துப் போக ஒரு பை.

தலைமாட்டுப் பையைத்தான் நேரம் எடுத்து அடுக்க வேண்டும். சென்னையிலிருந்து காசி 2,000 கிலோமீட்டருக்கு மேல், கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் மாதிரி ரயிலில் போனாலும் இரண்டு இரவு ரயிலில்தான் கழியும். விஜயவாடாவில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது, மறுநாள் இருட்டி இட்டார்சி, ஜபல்பூர் தாண்டும்போது ஜன்னல் இடுக்கில் வருகிற காற்று எலும்பில் இறங்கும். அதனால் ஸ்வெட்டர், குல்லா, காலுறை இதெல்லாம் காசியில் இறங்கிய பிறகுதானே வேண்டும் என்று பெட்டிக்குள் போட்டு மூடிவிடாதீர்கள். அவை இந்தப் பையில்தான் இருக்க வேண்டும். ஏசி பெட்டியில் கம்பளியும் போர்வையும் தலையணையும் தருவார்கள். ஸ்லீப்பர் வகுப்பில் ஒன்றும் கிடையாது, ஆளுக்கு ஒரு கெட்டிப் போர்வையும் காற்று ஊதும் தலையணையும் கட்டாயம் வேண்டும்.

மாத்திரைகளைப் பயண நாள் எத்தனையோ அத்தனைக்கு மட்டும் எண்ணி எடுக்காமல் இன்னும் ஐந்து நாளுக்குச் சேர்த்து எடுங்கள். வடக்கே அந்த மாதங்களில் மூடுபனி இறங்கினால் ரயில் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் தாமதமாவது சாதாரணம், சில நாள் ரயிலையே ரத்து செய்துவிடுவார்கள். மாத்திரையை அட்டையோடு வையுங்கள், டப்பாவில் உதிர்த்துப் போட்டால் அவசரத்தில் எந்த மருந்துக்கடையிலும் காட்டி வாங்க முடியாது. டாக்டர் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து அதே உறையில் வையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு குளுக்கோஸ் பாக்கெட்டோ நாலு மிட்டாயோ சட்டைப் பையிலேயே இருக்கட்டும், இன்சுலின் போடுகிறவர்கள் அதற்கான குளிர்ப்பையைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஓஆர்எஸ், காய்ச்சல் மாத்திரை, தைலம், ஒரு சின்ன டார்ச். டார்ச் இரவில் கழிப்பறைக்குப் போக. இரவு 11 மணிக்கு மேல் பெட்டியில் சார்ஜ் போடும் இடத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடுவது உண்டு, அதனால் செல்போன் வெளிச்சத்தை நம்பாதீர்கள். ஆதார் அல்லது வாக்காளர் அட்டையின் அசலும் பணமும் பையில் வேண்டாம், உடம்போடு இருக்கிற சின்னப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு. இதில் நம் வீட்டு அம்மாக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, வரிசையை மட்டும் சொல்கிறேன். சாயங்கால ரயில் என்றால் அன்று ராத்திரிக்குத் தயிர் சாதம், பாலை அதிகமாக விட்டு மோர் கொஞ்சமாக ஊற்றிப் பிசைந்தால் புளிக்காது. மறுநாள் காலைக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட்டு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மத்தியானம் புளியோதரை. தேங்காய் சேர்த்தது எதுவும் வேண்டாம், சட்னி மறுநாள் காலைக்குள் கெட்டுவிடும். இரண்டாம் ராத்திரிக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஐஆர்சிடிசி மூலமாகப் பெரிய நிலையங்களில் சீட்டுக்கே சாப்பாடு வரவழைக்கலாம். ரயில் தாமதமானால் சமாளிக்க அவல், தட்டை, கடலை மிட்டாய் என்று ஒரு பொட்டலம் தொடாமல் இருக்கட்டும். ஒவ்வொரு வேளையையும் தனித்தனியாக வாழையிலையில் கட்டி மேலே எந்த வேளை என்று எழுதி வைத்தால் ஓடுகிற ரயிலில் டப்பா திறந்து பரிமாறும் பாடு இல்லை. பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் சின்ன பாட்டில்களில் காசிக்கே எடுத்துப் போங்கள். அங்கே தென்னிந்தியச் சாப்பாடு கிடைக்கத்தான் செய்கிறது, ஆனாலும் மூன்றாம் நாள் வயிறு கேட்பது இதைத்தான்.

காபி போட அடுப்பு எடுத்துப் போகலாமா என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2023 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்திலிருந்து தெற்கே யாத்திரை வந்தவர்களின் பெட்டி மதுரையில் தீப்பிடித்தது, விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால். அதில் ஒன்பது பேருக்குக் குறையாமல் இறந்துபோனார்கள், நம்மைப் போலவே வயதானவர்களோடு கோயில் கோயிலாகப் போக வந்தவர்கள். மின்சாரக் கெட்டிலையும் ரயில் பிளக்கில் போடக் கூடாது, அறைக்குப் போன பிறகு வைத்துக்கொள்ளலாம். ரயிலுக்கு ஒரு நல்ல ஃப்ளாஸ்க் போதும்.

அடுத்தது சீட்டுக்கு அடியில் போகிற பை. இரண்டாம் வகுப்பு ஏசியில் ஆளுக்கு 50 கிலோ, மூன்றாம் வகுப்பு ஏசியிலும் ஸ்லீப்பரிலும் 40 கிலோ வரை ரயில்வே அனுமதிக்கிறது. அனுமதி இருக்கிறது என்பதற்காக எடுத்துப் போனால் காசிச் சந்தில்தான் கஷ்டம் தெரியும். தமிழர்கள் வழக்கமாகத் தங்குகிற ஹனுமான் காட், கேதார் காட் (காட் என்றால் படித்துறை) பக்கம் பெரிய சாலையிலேயே ஆட்டோ இறக்கிவிடும், அங்கிருந்து கல் பாவிய குறுகலான சந்து, நடுவில் மாடு, எதிரே மோட்டார் சைக்கிள். சக்கரப் பெட்டியை அங்கே உருட்ட முடியாது, என் பெட்டியின் கைப்பிடி அந்தச் சந்தில்தான் பிய்ந்து வந்தது. (பாரதியார் 1898க்குப் பிறகு சில வருடங்கள் அத்தை வீட்டில் தங்கிப் படித்ததும் ஹனுமான் காட்டில்தான். அந்தச் சந்தில் தமிழ்ப் பேச்சு காதில் விழும்போது அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன், முடிந்தால் அந்தப் பக்கமே அறை போடுங்கள்.) ஆகவே தோளில் மாட்டுகிற நடுத்தரப் பைகள், ஒவ்வொன்றும் பத்து கிலோவுக்குள். அடுக்கி முடித்ததும் தோளில் மாட்டிக்கொண்டு உங்கள் வீட்டு மாடிப்படியை இரண்டு தடவை ஏறி இறங்குங்கள். மூச்சு வாங்கினால் திறந்து எதையாவது வெளியே எடுங்கள். அப்பா அம்மா தூக்குவார்கள் என்று கணக்குப் போடாதீர்கள்.

துணி விஷயத்தில், விடியற்காலையில் 8, 10 டிகிரி வரை இறங்குகிற குளிருக்கு ஒரே ஒரு தடிமனான ஜாக்கெட்டை விட உள்ளே ஒரு தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்கும் மேலே சால்வை என்று அடுக்கிப் போடுவது நல்லது. மத்தியானம் வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். டர்க்கி டவல் வேண்டாம், அந்தக் குளிரில் இரண்டு நாளானாலும் காயாது. காடாத் துண்டு ஆளுக்கு மூன்று எடுங்கள். கொடி கட்ட நைலான் கயிறு, பத்து ஊக்கு, பூட்டு சங்கிலி, வழுக்காத ரப்பர் செருப்பு, அவ்வளவுதான்.

இப்போது படித்துறைப் பை. மற்ற பைகளில் எதை மறந்தாலும் கடையில் வாங்கிக்கொள்ளலாம், இதில் போகிற ஒரு தாள் மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காது. காசியிலோ கயாவிலோ பித்ரு காரியம் செய்வதாக இருந்தால் அப்பா வழியில் மூன்று தலைமுறை ஆண்கள், பெண்கள், அதே போல அம்மா வழியில் மூன்று தலைமுறை, எல்லோருடைய பெயரும் கோத்திரமும் வேண்டும். கயாவில் இதோடு பெரியப்பா, சித்தி, மாமா, பிள்ளை இல்லாமல் போனவர்கள், நண்பர்கள் என்று காருண்ய பித்ருக்களுக்கும் பிண்டம் வைப்பார்கள். காரியம் செய்துவைக்கும் வாத்தியார் ஒவ்வொரு பெயராகக் கேட்கும்போது என் அப்பாவுக்குத் தன் பாட்டியின் பெயர் நினைவுக்கு வரவில்லை, அத்தனை தூரம் போய் அவர் கண்கலங்கி நின்றார். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஊரில் இருக்கும் மூத்த அத்தையையோ பெரியப்பாவையோ கூப்பிட்டுக் கேட்டுப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு பிரதியாக வையுங்கள். செல்போனில் மட்டும் வைத்தால் ஈரக் கையோடு அதைத் திறக்க முடியாது.

எள், தர்ப்பை எல்லாம் அங்கேயே கிடைக்கும், சுமக்க வேண்டாம். ராமேஸ்வரத்து மணலைப் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைக்க எடுத்துப் போகிறவர்கள் திருகு மூடி டப்பாவில் போடுங்கள், துணி முடிச்சு அவிழ்ந்தால் பை முழுக்க மணல்தான். நதியில் முழுகி எழுந்ததும் போர்த்த ஒரு கம்பளியை மேலாகவே வையுங்கள், ஈரத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை, பத்து ரூபாய் நோட்டாக ஒரு கட்டு, தசாஸ்வமேதப் படித்துறையில் மாலை ஆரத்திக்கு ஜில்லென்ற கல்லில் உட்கார ஒரு விரிப்பு. விஸ்வநாதர் கோயிலுக்குள் செல்போனும் கைப்பையும் விட மாட்டார்கள், அன்று பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அறையிலேயே விட்டுப் போனால் லாக்கரைத் தேடி அலைய வேண்டாம்.

கடைசியாக, மடித்த காலிப் பை ஒன்று. திரும்பும்போது வாயைப் பற்றவைத்து மூடிய கங்கைச் சொம்புகள், கயிறுகள், அன்னபூரணி விக்ரகம் என்று ஊரில் கொடுக்க ஒவ்வொன்றாகச் சேரும். சொம்புகளைத் துண்டில் சுற்றி நிமிர்த்தி வையுங்கள், பற்றவைத்த இடத்தில் சில கசியும். நாக்பூர் தாண்டியதும் எல்லோரும் ஸ்வெட்டரையும் சால்வையையும் கழற்ற ஆரம்பிப்பார்கள், அவற்றை வைக்கவும் அந்தப் பையில் இடம் விட்டு வையுங்கள்.