காபரேற்றரை அல்ட்ராசொனிக் மெசினில் போடுவதற்கு முன்

மாரி ஓய்ந்து, கச்சானுக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் இறைக்கத் தொடங்கும் காலத்தில் பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம் பக்கத்துக் கராஜ்களில் ஒரே முறைப்பாடுதான் கேட்கும். பம்ப் இழுத்தால் ஸ்ராட் வருகிறது, சோக்கை விட்டதும் நின்றுவிடுகிறது. மாதக்கணக்கில் மூலையில் கிடந்த பம்பின் காபரேற்றருக்குள், அதாவது பெற்றோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்கு விடும் பாகத்துக்குள், பெற்றோல் காய்ந்து மஞ்சள் பிசினாகப் படிந்திருக்கும். ஜெற் என்பது பெற்றோலை அளந்து விடும் சின்னப் பித்தளைத் துண்டு. மெதுவோட்டத்துக்கான பைலட் ஜெற்றின் துளை அரை மில்லிமீற்றர்கூட வராது. முதலில் அடைபடுவது அதுதான்.

இந்த வேலைக்கென்று இப்போது சின்னச் சின்ன அல்ட்ராசொனிக் மெசின்கள் கராஜ்களுக்குள் வரத் தொடங்கிவிட்டன. வாங்கிய சிலர் கொஞ்ச நாளிலேயே அதைத் தட்டில் ஏற்றி வைத்துவிட்டு, "அண்ணை, பெற்றோலில ஒரு கழுவு கழுவினாக் காணும், இது சும்மா காசுக்குக் கேடு" என்கிறார்கள். கைத்திறனில் குறை சொல்ல முடியாது. பெற்றோலுக்குத் தடை இருந்த தொண்ணூறுகளில் சில துளி பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் மோட்டர்சைக்கிள் ஓட்டிய இடம் இது. காபரேற்றரைக் கண்ணை மூடிக்கொண்டே கழற்றிப் பூட்டுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். பெற்றோல் தாச்சியில் பழகிய பழக்கத்தை அப்படியே மெசினுக்கும் கொண்டுபோவதில்தான் பிழை தொடங்குகிறது.

மெசினின் வேலை இதுதான். எவர்சில்வர் தொட்டியின் அடியில் வெளிப்பக்கமாக ஒட்டியிருக்கும் துண்டு, 40 கிலோஹேட்ஸ் என்றால் செக்கனுக்கு 40,000 தடவை அதிர்கிறது. அந்த அதிர்வில் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் உண்டாகி உடனே நொருங்குகின்றன. நொருங்கும்போது பக்கத்திலிருக்கும் ஊத்தையைப் பிய்த்து எடுக்கின்றன. பிறஷும் கம்பியும் எட்டாத துளைக்குள்ளும் இது நடக்கும், அங்கே திரவம் போயிருந்தால் மட்டும். பின்னால் வருகிற பாதித் தவறுகள் இந்த ஒன்றை மறப்பதால் வருபவை.

வாங்கும்போது

முதலாவது தவறு, மூக்குக்கண்ணாடி கழுவும் பெட்டியை வாங்குவது. அரை லீற்றர், 35 வாட் என்று போட்டிருக்கும் அந்தப் பெட்டிகள் ஜெற்றுக்கும் சின்ன நட்டுக்கும் சரி, காபரேற்றர் உடலுக்குக் காணாது. மிக மலிவாக விற்கும் சிலவற்றில் அல்ட்ராசொனிக்கே கிடையாது, சும்மா நடுங்கும் ஒரு மோட்டர்தான். அதிர்வெண் கிலோஹேட்ஸில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சில நூறு ஹேட்ஸ் மட்டும் என்றால் அது நடுங்கும் பெட்டி. 40,000 ஹேட்ஸ் என்று எழுதியிருந்தால் அதுவும் 40 கிலோஹேட்ஸ்தான். இயந்திரப் பாகங்களுக்கு 40 கிலோஹேட்ஸ் பொதுவாகப் போதும்.

லீற்றரைப் பார்த்து வாங்குவதும் பிழைக்கும். 3 லீற்றர் மெசின் பலவற்றின் உள்ளளவு ஏறத்தாழ 240க்கு 135 மில்லிமீற்றர், ஆழம் 100தான். கூடையை வைத்து, மேலே கொஞ்சம் இடைவெளியும் விட்டால், மோட்டர்சைக்கிள் காபரேற்றர் முழுதாக மூழ்காமல் தலை வெளியே நிற்கும். பம்ப், ஓட்டோ, மோட்டர்சைக்கிள் எல்லாம் வருகிற கராஜ் என்றால் ஆழம் 150 மில்லிமீற்றர் வரும் 6 லீற்றர் அளவு வசதி. நீங்கள் அடிக்கடி கழற்றும் ஆகப் பெரிய காபரேற்றரை அளந்துகொண்டு போங்கள். சில விற்பனையாளர்கள் ஹீற்றரின் வாட்டையும் அதிர்வின் வாட்டையும் கூட்டி ஒரே பெரிய எண்ணாகப் போடுவார்கள். இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். 3 லீற்றருக்கு அதிர்வு மட்டும் 100, 120 வாட் அளவில் இருந்தால் நல்லது.

வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பவர்கள் 110 வோல்ட் மெசினை எடுத்துவிடாமல் பார்க்கவேண்டும். எங்கள் கரண்ட் 230. பிளக் பொருந்தவில்லை என்று எர்த் கம்பியை விட்டுவிட்டு இரண்டு கம்பியை மட்டும் செருகுவது இன்னும் மோசம். தண்ணீரும் எவர்சில்வரும் ஈரக்கையும் சேருகிற இடம் அது. அடியில் வடிகுழாய் இருந்தால் விலை கொஞ்சம் கூடினாலும் அதையே எடுங்கள். மெசினைத் தலைகீழாகக் கவிழ்த்து ஊற்றும்போது பின்பக்கச் சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்குகிறது.

மெசின் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, ஐந்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள். அப்புறம் சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளில் ஒரு துண்டை வெட்டி, அடியில் முட்டாமல் செங்குத்தாகப் பிடியுங்கள். விரல் தண்ணீருக்குள் போகக்கூடாது. ஒரு நிமிடத்தில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் தாள் முழுக்கச் சிறு புள்ளிகளும், இடையிடையே கிழிந்த ஓட்டைகளும் தெரியவேண்டும். ஒரு மூலையில் மட்டும் கிழிந்து மற்றப் பக்கம் வழவழப்பாக இருந்தால் வழவழப்பான பக்கத்து அதிர்வுத்துண்டு செத்திருக்கலாம். கடைக்காரர் சம்மதித்தால் காசு கொடுப்பதற்கு முன்பே செய்து பாருங்கள்.

தொட்டிக்குள் என்ன ஊற்றுவது

இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. பெற்றோல், தின்னர், மண்ணெண்ணெய் எதையும் தொட்டிக்குள் ஊற்றக்கூடாது. தாச்சியில் ஊற்றிக் கழுவும்போது பெற்றோல் சும்மா கிடக்கிறது. மெசினுக்குள் அது அதிர்ந்து, சூடாகி, ஆவியாகி, பக்கத்திலேயே இருக்கும் சுவிட்சின் பொறிக்காகக் காத்திருக்கிறது. "மண்ணெண்ணெய் இலேசில் பத்தாது" என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு: மண்ணெண்ணெயின் ஆவி 38 பாகை தொடக்கமே பற்றக்கூடியது. மெசினின் ஹீற்றரை நாம் 60இல் வைக்கிறோம். சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கராஜே 38க்குக் கிட்டப் போய்விடும், ஹீற்றர்கூடத் தேவையில்லை.

சரி, தண்ணீர்தான் என்றால் தண்ணீரோடு என்ன சேர்ப்பது? ஊத்தை போகவில்லை என்றதும் கோஸ்டிக் சோடா, உடுப்புத் தோய்க்கும் தூள், தேசிக்காய்ப்புளி, கழிவறை அமிலம் என்று கைக்கு வந்ததை எல்லாம் போட்டுப் பார்க்கிறார்கள். காபரேற்றர் உடல் அலுமினியம் அல்லது நாகக் (துத்தநாகக்) கலப்புலோகம். கோஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்று ஐதரசன் வாயுவைக் கிளப்பும், உடல் கறுத்துப்போகும். அமிலம் நாகத்தைக் கரைக்கும். குளோரின் உள்ள வெளுக்கும் திரவம் தொட்டியின் எவர்சில்வரையே அரிக்கும். அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் பாதுகாப்பு என்று எழுதியிருக்கும் அல்ட்ராசொனிக் திரவத்தை, போத்தலில் சொன்ன விகிதத்தில் கலப்பதே சரி. அது கிடைக்காதபோது எண்ணெய்ப் பிசுக்குக்குப் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் போதும். காய்ந்த பிசினை அது அவ்வளவாகக் கரைக்காது. அதற்கு காபரேற்றர் ஸ்பிறேயை வெளியில், காற்றோட்டத்தில் அடித்து ஊறவிட்டு, முழுதாக உலர்ந்த பிறகு மெசினில் போடலாம்.

தண்ணீரும் கவனிக்கவேண்டியது. வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் தண்ணீர். அதே வெள்ளை தொட்டிச் சுவரிலும், கழுவிக் காய்ந்த ஜெற்றின் துளையிலும் படியும். மாரியில் பீலியால் வடியும் மழைத்தண்ணீரைத் துணியால் வடித்துக் கலனில் சேர்த்துவைத்தால் காசில்லாமல் நல்ல தண்ணீர். குறைந்தது கடைசி அலசலுக்காவது அதைப் பாவியுங்கள்.

கழற்றாமல் போடுவது

பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். அடியில் பெற்றோல் தேங்கும் கிண்ணத்தை மட்டும் கழற்றிவிட்டு முழுக் காபரேற்றரையும் தொட்டிக்குள் இறக்கினால் வெளிப்பக்கம் புதிதாக மினுங்கும், உள்ளே பைலட் வழி அடைத்தபடியே இருக்கும். பம்ப் மறுபடியும் நிற்கும், பழி மெசின் மேல். மெயின் ஜெற், பைலட் ஜெற், எமல்சன் குழாய், ஊசி, மிதவை எல்லாம் தனித்தனியே வெளியே வரவேண்டும். காற்றுக் கலவைத் திருகாணியைக் கழற்றுவதற்கு முன் மெதுவாக உள்ளே திருப்பி, முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி ஒரு துண்டில் எழுதிவையுங்கள். முட்டிய பிறகு இறுக்கினால் அதன் கூர் போய்விடும்.

ரப்பர் வளையங்கள், டயபிரம் என்னும் மெல்லிய சவ்வு, ரப்பர் முனையுள்ள மிதவை ஊசி, பிளாஸ்ரிக் பாகங்கள், சென்சர் எதுவும் மெசினுக்குள் போகக்கூடாது. புல்வெட்டி, செயின் சோ போன்றவற்றின் டயபிரம் வகைக் காபரேற்றருக்குள் மெல்லிய ஒருவழி வால்வு இருக்கும். அதில் கொம்பிரசர் காற்றை முழு வேகத்தில் அடித்தால் வால்வு போய், காபரேற்றரே குப்பைக்கு. வர்ணம் பூசிய பாகம் என்றால் வர்ணம் உரியும் என்று சொந்தக்காரரிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

கிரவல் ரோட்டுப் புழுதியும் செம்மண்ணும் அப்பியிருக்கும் காபரேற்றரை அப்படியே போட்டால் பத்து நிமிடத்தில் தொட்டி சேறு. அடியில் படியும் மண் அதிர்வைக் குடித்துவிடும். பிறஷும் சவர்க்காரத் தண்ணீரும் கொண்டு வெளிப்பக்கத்தை முதலில் தேய்த்துக் கழுவுங்கள். முல்லைத்தீவு, அளம்பில், கொக்கிளாய்க் கரையிலிருந்து வரும் படகு வெளியிணைப்பு இயந்திரங்களின் காபரேற்றர் என்றால், உப்பைக் கரைக்க வெறும் இளஞ்சூட்டு நன்னீரில் ஒரு தடவை ஊறவைத்த பிறகே அல்ட்ராசொனிக் திரவம் கலந்த தண்ணீர். உப்பு அரித்துக் குழி விழுந்த அலுமினியத்தை எந்த மெசினும் நிரப்பித் தராது.

ஓடவிடும்போது

பாகங்களைத் தொட்டியின் அடியில் நேரடியாக வைக்காதீர்கள். கூடையில் தொங்கவேண்டும். அடியில் உலோகம் உரசினால் தகடு தேய்ந்து, அடியில் ஒட்டியிருக்கும் அதிர்வுத்துண்டும் கெட்டுப்போகும். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டாலும் அதே கதிதான். ஐந்து காபரேற்றரை ஒன்றாகக் குவித்துப் போட்டால் நடுவில் இருப்பதற்கு ஒன்றும் போய்ச்சேராது.

புதிதாக ஊற்றிய தண்ணீரில் கரைந்த காற்று இருக்கும், அது இருக்கும்வரை சுத்தம் மந்தம். பாகங்கள் இல்லாமல் தொட்டியைத் தண்ணீரோடு மட்டும் ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பாகங்களை இறக்குங்கள். இறக்கும்போது காபரேற்றரைச் சாய்த்துச் சாய்த்து, உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி ஒவ்வொன்றாக மேலே வரும்வரை பிடியுங்கள். காற்று அடைபட்டு நிற்கும் துளைக்குள் திரவம் போகாது, திரவம் போகாத இடத்தில் மெசினுக்கு வேலையில்லை. பாதி நேரத்தில் நிறுத்தி, புரட்டி வைத்து, மறுபடியும் குமிழியைப் போக்குங்கள்.

சூடு 50 முதல் 60 பாகை. கொதிநிலைக்குக் கிட்டப் போகப்போகக் குமிழிகளின் அடி குறையும், ஆகவே கூடக் கூட நல்லது என்பதில்லை. கரண்ட் செலவைப் பார்ப்பவர்கள் கேத்திலில் காய்ச்சிய தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு வெளியில் கலந்து ஊற்றலாம். நேரம் 10, 15 நிமிடம் போதும். எடுத்துப் பார்த்து, தேவை என்றால் இன்னொரு சுற்று. போட்டுவிட்டுச் சாப்பிடப் போய் ஒன்றரை மணிக்குப் பிறகு வந்தால் அலுமினியத்தின் மேற்பரப்பு மங்கி அரித்திருக்கும்.

வெளியே எடுத்த ஜெற்றை வெளிச்சத்துக்கு எதிரே கண்ணோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். துளை ஒழுங்கான வட்டமாக, ஓரம் கூர்மையாகத் தெரியவேண்டும். இன்னும் மங்கலாக இருந்தால் மறுபடியும் மெசினுக்கே போகட்டும். கிளச் கேபிள் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை சற்றுப் பெருத்தாலும் பெற்றோல் கூடிப் புகை கக்கும்.

நல்ல தண்ணீரில் சூடாக அலசி, உடனே எல்லா வழியிலும் காற்று அடித்து உலர்த்துங்கள். ஈரத்தோடு இரவு முழுக்க விட்டால் நாக உடலில் வெள்ளைப் பூ பூக்கும், இரும்புத் திருகாணி துருப்பிடிக்கும். கலங்கிக் கறுத்த தண்ணீரைக் கிணற்றடியிலோ வாழையடியிலோ ஊற்றவேண்டாம். பழைய ஒயிலோடு வைக்கும் கலனில் தனியே சேருங்கள்.

இவ்வளவும் செய்து பூட்டிய பம்ப் ஒரு கிழமையில் மறுபடியும் நின்றால் காபரேற்றரை விட்டுவிட்டுத் தாங்கிக்குள் ரோர்ச் அடித்துப் பாருங்கள். 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் போத்தலிலும் கலனிலும் சேர்த்துவைத்து ஊற்றிய பெற்றோலோடு போன மண்ணும், தாங்கியின் துருவும் இன்னும் பல பம்புகளின் அடியில் கிடக்கின்றன. தாங்கியைக் கழுவி, குழாயில் ஒரு சின்னப் பில்டரைப் பூட்டுங்கள். அடுத்த மாரிக்கு முன் தாங்கியை வடித்து, பெற்றோல் ரப்பை மூடி, பம்ப் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தின் அடித்திருகாணியைத் திறந்து மிச்சத்தையும் வெளியே விடும்படி பம்பின் சொந்தக்காரரிடம் சொல்லி அனுப்புங்கள்.