விரைப் புற்றுநோய்: வலியில்லாத கட்டியை வைத்துக்கொண்டு காத்திருப்பதும் பிற தவறுகளும்

மதுரைப் பக்கத்தில் ஓர் இளைஞனுக்கு விதையில் வீக்கம் கண்டால், வீட்டில் முதலில் சொல்லப்படுவது "சூடு பிடித்திருக்கும்" என்பதுதான். தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பதும், வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பதும், இளநீர் வாங்கிக் கொடுப்பதுமாக ஒரு மாதம் ஓடிவிடுகிறது. வலித்திருந்தால் அன்றிரவே ஆட்டோ பிடித்துக் கோரிப்பாளையத்தில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போயிருப்பான். வலிக்காததால் யாரிடமும் காட்டாமல் இருந்துவிடுகிறான். ஆனால் விரையில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் வலியில்லாத கட்டியாகவே தொடங்குகிறது. ஆகவே, வலி இல்லாததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வதையே இந்நோயில் நிகழும் தவறுகளில் மிகப் பெரியதாக நான் கருதுகிறேன்.

இந்தியாவில் இது அரிய நோய்; ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவாகவே காணப்படுகிறது. ஆனால் அது பெரும்பாலும் 15 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்டவர்களையே தாக்குகிறது என்பதால், புற்றுநோய் முதியவர்களுக்கும் புகையிலை போடுபவர்களுக்கும் மட்டுமே வரும் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. இக்கட்டிகளில் சில, சில வாரங்களிலேயே இருமடங்காக வளரக்கூடியவை. அதே சமயம், விரையைத் தாண்டிப் பரவுவதற்கு முன் கண்டுபிடிக்கப்பட்டால் நூற்றில் 95 பேருக்கு மேல் முழுமையாகக் குணமடைகிறார்கள்.

அடுத்த தவறு, எல்லா வீக்கத்தையும் ஓதம் (விரையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வது) என்றோ குடலிறக்கம் என்றோ நாமே முடிவுகட்டிவிடுவது. பெரும்பாலான வீக்கங்கள் அப்படிப்பட்டவையே என்பது உண்மைதான். ஆனால் கட்டி இருக்கும் விரையைச் சுற்றியும் நீர் கோத்துக்கொள்வதுண்டு என்பதால், தொட்டுப் பார்த்து மட்டும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஊசியோ கத்தியோ தேவைப்படாத, சில நிமிடங்களில் முடிந்துவிடும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஒன்றே பெரும்பாலும் விடை சொல்லிவிடும். கிருமித்தொற்று என்று மாத்திரை கொடுக்கப்பட்டு, அதை முடித்த பிறகும் வீக்கம் வற்றவில்லையென்றால், இன்னொரு முறை அதே மாத்திரையை வாங்காமல் ஸ்கேன் எடுக்கும்படி கேட்க வேண்டும். (திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் அது வேறு சிக்கல். விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் விரை பிழைப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு என்பதால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.)

காரணங்களைப் பற்றிய தவறுகளில் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆண் குழந்தைக்கு விதை இறங்கவில்லை என்று தெரிந்தும், "வளர வளர இறங்கிவிடும்" என்று பாட்டிமார் சொல்வதை நம்பி விட்டுவிடுகிறோம். நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு இக்குறை இருக்கிறது; அவர்களில் பலருக்கு ஆறு மாதத்துக்குள் தானாக இறங்கிவிடுகிறது, அதற்குப் பிறகு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. எனவே ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்து விரையைப் பைக்குள் இறக்கி வைப்பதே முறை. இறங்காத விரையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பருவமடைவதற்கு முன்பே அறுவை செய்தால் அந்த ஆபத்து குறைகிறது, ஆனால் முற்றிலும் நீங்குவதில்லை. வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட விரையில் கட்டி வந்தால், வயிறு வீங்கிய பிறகே தெரியவரும். ஆகையால் சிறுவயதில் இந்த அறுவை நடந்திருந்தால், மகன் பெரியவனானதும் அதை அவனிடம் சொல்லிவிடுவது பெற்றோரின் கடமை. தந்தைக்கோ உடன்பிறந்தவனுக்கோ இந்நோய் இருந்திருந்தாலும், முன்பு ஒரு பக்க விரையில் வந்திருந்தாலும் கூடுதல் கவனம் தேவை.

பைக் ஓட்டுவதாலோ, இறுக்கமான உள்ளாடையாலோ, சுய இன்பத்தாலோ, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையாலோ இந்நோய் வருவதாக நிறுவப்படவில்லை. கபடியில் அடிபட்டதால் கட்டி வந்தது என்பார்கள். அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போதுதான் முன்பே இருந்த கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது.

புற்றுநோய் என்ற ஐயம் இருக்கும்போது விதைப்பையின் வழியாக ஊசி குத்திச் சதை எடுப்பதும், பையைக் கீறி அறுவை செய்வதும் தவிர்க்கப்பட வேண்டியவை. புற்றுநோய் பரவும் வழிகளில் ஒன்று, திசுக்களிலிருந்து வடியும் நிணநீர். விரையின் நிணநீர் வயிற்றின் பின்புறத்துக்கும், பையின் தோலுக்குரிய நிணநீர் தொடையிடுக்குக்கும் செல்கின்றன; பையைக் கீறினால் நோய்க்குப் புதிய வழி திறந்துவிடக்கூடும். சரியான முறை, ஸ்கேனுக்குப் பிறகு இரத்தத்தில் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் ஆகியவற்றின் (இக்கட்டி இருந்தால் கூடக்கூடிய பொருள்கள்) அளவுகளைப் பார்த்துவிட்டு, அடிவயிற்றின் கீழே தொடையிடுக்குப் பகுதியில் கீறி விரையை முழுமையாக எடுப்பது. எந்த வழியாக அறுவை செய்யப்போகிறார்கள் என்று மருத்துவரிடம் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

விரையை எடுத்துவிட்டால் ஆண்மை போய்விடும், பெண் கிடைக்காது என்ற அச்சத்தில் அறுவைக்கு உடன்படாமல் இருப்பதைப் போல வருத்தம் தருவது வேறில்லை. மற்ற விரை நலமாக இருந்தால் தாம்பத்தியத்துக்கும் பெரும்பாலும் குழந்தைப்பேற்றுக்கும் அதுவே போதும். ஆயினும் கீமோதெரபி விந்தணுக்களைப் பாதிக்கக்கூடும் என்பதால், சிகிச்சை தொடங்குமுன் விந்தை உறைநிலையில் சேமிப்பது பற்றிக் கேட்டுவிட வேண்டும். தொடங்கிய பிறகு கேட்பது காலம் கடந்த கேள்வி. நோய் பரவிய பிறகும் கைவிரிக்க வேண்டியதில்லை: 1970களில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்து வந்தபின், பரவிய நிலையிலும் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்குக்கு நுரையீரல்களுக்கு இடையே வந்தது இதே இனத்தைச் சேர்ந்த கட்டிதான். கீமோதெரபிக்குப் பிறகு 2012 செப்டம்பரில் சென்னையில் அவர் மீண்டும் இந்திய அணிக்கு ஆடினார்.

வெந்நீரில் குளித்தபின், பை தளர்ந்திருக்கும்போது, ஒவ்வொரு விரையையும் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே மெதுவாக உருட்டிப் பார்ப்பது தன் உடலின் இயல்பை அறிந்துகொள்ள உதவும். பின்புறம் மெத்தென்று தட்டுப்படும் குழாய் இயல்பானது; ஒரு விரை சற்றுத் தாழ்ந்திருப்பதும் அப்படியே. விரையின் மேலேயே கல் போன்ற கெட்டியான பகுதியோ, முன்பில்லாத கனமோ தெரிந்தால் அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அறுவை முடிந்ததும் திருப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குத் திரும்பி, மறுபரிசோதனையை விட்டுவிடுவது கடைசியாகச் சொல்ல வேண்டிய தவறு. நோய் திரும்பினால் அது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் திரும்புகிறது. அப்போதும் குணப்படுத்த முடியும். போகிறவர்கள் திசு அறிக்கை, இரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் படங்கள் ஆகியவற்றின் நகலைக் கையோடு எடுத்துச்சென்று, போன ஊரிலேயே ஒரு மருத்துவரிடம் குறித்த தேதியில் பரிசோதனையைத் தொடரலாம்.