மலைச் சதுப்பைப் பஞ்சு என்று நினைப்பதில் தொடங்கும் தவறுகள்

மலைமேல் இருக்கும் பீட் சதுப்பு நிலம் என்றாலே, "அது ஒரு பெரிய பஞ்சு, மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் விடும்" என்று சொல்லிவிடுகிறோம். இதில் பாதிதான் உண்மை. மற்ற தவறுகள் பலவும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

பீட் என்பது தண்ணீரில் ஊறி, காற்றுப் படாமல், முழுதாக மக்காமல் படிந்த செடிகளின் மிச்சம். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் சேர்ந்தாலே பெரிது. ஈரப் பீட்டின் எடையில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். ஏற்கெனவே நிறைந்த பஞ்சு புதிதாக எவ்வளவு குடிக்கும்? பாசி வளரும் மேலடுக்கில் தண்ணீர் தாராளமாக ஓடும். அதற்குக் கீழே, நசுங்கி மக்கிய அடுக்கில் ஊர்ந்துதான் நகரும். அதனால் நீர்மட்டம் மேலே நிற்கும் நாளில் பெய்யும் மழை தரைமேலேயே வழிந்து ஓடைக்குப் போய்விடும்.

அப்படியானால் கோடையிலும் ஓடை ஓடுவது எப்படி? பல மலைகளில் சுற்றியுள்ள சரிவின் மண்ணிலும் பாறை இடுக்கிலும் இருந்து கசியும் ஊற்றுதான் காரணம். ஆண்டிஸ் மலையில் 4,000 மீட்டருக்கு மேலும் காணப்படும் பொஃபெடால் சதுப்புகள் வறண்ட மாதங்களிலும் பசுமையாக நிற்பது நிலத்தடி நீராலும் பனி உருகி வரும் நீராலும். சதுப்பைச் சுற்றி வேலி போட்டுவிட்டு மேலே சரிவில் ரோடு வெட்டினால், ஊற்று திசைமாறி, வேலிக்குள்ளேயே சதுப்பு காயும். நான் மிகவும் அஞ்சுவது இந்தத் தவறைத்தான்.

எல்லாச் சதுப்பையும் ஒன்றாக நினைப்பது அடுத்தது. மழையை மட்டும் நம்பியிருக்கும் சதுப்பில் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, குறைந்தால் அமிலம் அதிகம்) 4 பக்கம் இருக்கும், சத்தும் குறைவு. சுண்ணாம்புப் பாறை ஊற்று பாயும் சதுப்பில் 7 வரைகூடப் போகும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் எதையும் திட்டமிடாதீர்கள்.

கறுப்பாக இருப்பதால் வளமான மண் என்று வடிகால் வெட்டுகிறவர்களும் உண்டு. தழைச்சத்து (நைட்ரஜன்) ஏராளமாக இருக்கிறது, சரி. ஆனால் மக்காத பொருளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. வடித்துவிட்டால் காற்று உள்ளே போகும், நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகும். கரி, கார்பன் டை ஆக்சைடாக வானேறும், நைட்ரேட் ஓடையில் இறங்கும், நிலமும் தாழும்.

அப்புறம், சதுப்பை மீட்பதாக நினைத்து, பல ஆண்டு உரம் போட்ட நிலத்தில் வடிகாலை அவசரமாக அடைப்பது. மீண்டும் ஈரமானதும் இரும்பு பிடித்துவைத்திருந்த பாஸ்பரஸ் அவிழ்ந்து தண்ணீரில் கலக்கும். அடைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் மேல்மண்ணில் எவ்வளவு பாஸ்பரஸ் என்று பாருங்கள்.

பீட்டின் நிலையை அறிய ஒரு பிடி எடுத்துப் பிழிந்தாலே போதும். தெளிந்த நீர் வந்தால் இன்னும் மக்கவில்லை. விரலிடுக்கில் கூழாகவே பிதுங்கி வெளியேறினால் முற்றாக மக்கிவிட்டது. ஸ்வீடனின் லென்னார்ட் வான் போஸ்ட் இதைப் பத்துப் படிகளாக வகுத்தார்.

நீர்மட்டத்தை அளக்கும்போது, அதற்காகப் பீட்டில் இறக்கிய குழாயை ஒட்டி நிற்காதீர்கள். உடல் எடையில் பீட் அமுங்கி, குழாய்க்குள் தண்ணீர் ஏறிக் காட்டும். கொஞ்சம் தள்ளிப் பலகை போட்டு அதன்மேல் நின்று அளவெடுங்கள். ஓடைத் தண்ணீரை வெயில் நாளில் மட்டும் புட்டியில் பிடிப்பதும் பிழைதான். பல ஓடைகளில் ஓராண்டில் வெளியேறும் சத்தில் பெரும்பங்கு, மழை கொட்டும் சில நாட்களிலேயே அடித்துச் செல்லப்படுகிறது.