பிட்ஸ்பர்க் டு வாஷிங்டன் கிராவல் ரைடு: கால்வாய் பாதிக்கு ரெடியாகுறது எப்படி

பிட்ஸ்பர்க்ல ஏறி வாஷிங்டன் டிசில இறங்குற வரைக்கும் கார் ரோட்டை கிட்டத்தட்ட தொடாமலே சைக்கிள்ல போகலாம், மொத்தம் 334.5 மைல். முதல் 150 மைல் கிரேட் அலெகனி பாசேஜ், எல்லாரும் கேப்னு சுருக்கமா சொல்றது, பழைய ரயில்வே லைன். அது கம்பர்லாண்ட்ல முடியுற இடத்துலயே மீதி 184.5 மைல் ஆரம்பிச்சிடுது, அது செசபீக் அண்ட் ஒஹையோ, சுருக்கமா சி அண்ட் ஓ, கால்வாயோட டோபாத், அதாவது கோவேறு கழுதைங்க படகை கயித்துல இழுத்துக்கிட்டு நடந்த கரை. மேப்ல பாத்தா ரெண்டும் ஒரே கோடு தான், ஆனா ஓட்டும்போது சம்பந்தமே இருக்காது. நிறைய பேர் கேப் போட்டோவ பாத்துட்டு அதுக்கு ஏத்த டயர், அதுக்கு ஏத்த ஸ்பீடு கணக்குன்னு வந்துட்டு கம்பர்லாண்ட் தாண்டினதும் முழிக்கிறாங்க. அதனால டயர்ல இருந்து தினசரி மைல் வரைக்கும் எல்லாத்தையும் டோபாத்த மனசுல வச்சு முடிவு பண்ணுங்க, கேப்புக்கு அது தாராளமா போதும்.

ஏன் இவ்ளோ வித்தியாசம்னா, ரயில் பாதைய போட்டவங்க ஜல்லி கொட்டி மேடாக்கி ரெண்டு பக்கமும் தண்ணி வடியற மாதிரி செஞ்சு வச்சிருக்காங்க, இப்ப அது மேல சுண்ணாம்புக்கல் தூள் போட்டு அழுத்திருக்கு, மழை விட்டு கொஞ்ச நேரத்துல ஓட்டலாம். டோபாத் களிமண் கலந்த மண் கரை, ஒரு பக்கம் பாதி தூந்து போன கால்வாய், இன்னொரு பக்கம் பொட்டோமாக் ஆறு, மேல மரம் மூடியிருக்கறதால வெயிலே படாது, ஒரு நாள் மழை பெஞ்சா அடுத்த ரெண்டு மூணு நாளும் குட்டை குட்டையா நிக்கும். கழுதைக்கு அது போதுமா இருந்துச்சு, நம்ம டயருக்கு தான் பத்தல. இப்ப சில பகுதிகள்ல புதுசா கல்தூள் போட்டு நல்லா பண்ணிருக்காங்க, அதுல ஓட்டும்போது சூப்பரா இருக்கும், ஆனா எல்லா இடமும் அப்படி கிடையாது, திடீர்னு வேர், திடீர்னு ரெட்டை தடம்.

சரி, எந்த பக்கத்துல இருந்து கிளம்புறது? பிட்ஸ்பர்க்ல இருந்து தான்னு நான் அடிச்சு சொல்லுவேன். கேப்போட உச்சி ஈஸ்டர்ன் கான்டினென்டல் டிவைட், அதாவது மழைத் தண்ணி ரெண்டு திசையா பிரிஞ்சு ஓடற மலை முகடு, 2,392 அடி உயரம், பிட்ஸ்பர்க் பக்கத்துல இருந்து வந்தா அந்த ஏத்தம் 125 மைலுக்கு மேல பரவியிருக்கு, பெரும்பாலும் ஏறுறதே தெரியாது. அங்க இருந்து கம்பர்லாண்ட் வரைக்கும் 24 மைல் இறக்கம், 1,800 அடி கிட்ட கீழ வந்துடுவீங்க. டிசில இருந்து வந்தா அந்த 24 மைலையும் லக்கேஜோட ஏறணும், செங்குத்து கிடையாது, ஒன்றரை சதவீதம் கிட்ட தான், ஆனா நடுவுல மூச்சு விட ஒரு சமதளம் கூட இல்லாம இழுத்துக்கிட்டே போகும். இன்னொரு விஷயம், உச்சிக்கு பக்கத்துல இருக்கற பிக் சாவேஜ் டனல், 3,300 அடி கிட்ட நீளம், குளிர்காலத்துல கதவ சாத்திடுவாங்க, பொதுவா டிசம்பர்ல இருந்து ஏப்ரல் ஆரம்பம் வரைக்கும். மே, ஜூன் இல்லன்னா செப்டம்பர், அக்டோபர் பாத்து வைங்க. ஜூலை ஆகஸ்ட்ல ஆத்தங்கரை புழுக்கமும் கொசுவும் சேர்ந்து உசுர எடுக்கும்.

டயர் 40 மில்லிமீட்டருக்கு குறையாம போடுங்க, 45 இடம் இருந்தா இன்னும் நல்லது. காத்து கல்லு மாதிரி அடிக்காதீங்க, வேர் மேல ஏறும்போது லேசா அமுங்கணும், ரிம் இடிக்கக் கூடாது, அந்த அளவ லோடு கட்டின சைக்கிள வச்சு வீட்லயே பாத்துக்கோங்க, லோடு இல்லாம பாத்தா தப்பா வரும். மட்கார்ட் வேணுமான்னு கேட்டா, வேணும், ஆனா டயருக்கும் அதுக்கும் நடுவுல விரல் போற அளவு இடைவெளி இருக்கணும். டோபாத் சேறு வெறும் சேறு இல்ல, அதுல அழுகின இலை, சின்ன குச்சி எல்லாம் கலந்திருக்கும், பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் வர்ற பிரேம் குழாய், அதாவது செயின்ஸ்டே, இடுக்குல போய் அடைச்சு கெட்டியாகி, பத்து நிமிஷத்துல சக்கரமே சுத்தாம நின்னுடும். அதுக்கு ஒரு பழைய டென்ட் ஆணி கைக்கு எட்டற இடத்துல வச்சுக்கோங்க, நின்னு குத்தி எடுத்துட்டு போயிட்டே இருக்கலாம். பிரேக் பேடும் அந்த மணல் சேத்துல சீக்கிரம் தேயும், ஒரு ஜோடி எக்ஸ்ட்ரா பைல போடுங்க. கேரியர் போல்ட் எல்லாத்தையும் தினமும் சாயங்காலம் ஒரு தடவ கையால தொட்டு பாருங்க, வேர் குலுக்குற குலுக்குல முதல்ல லூஸாகுறது அதுதான்.

யாரும் முன்கூட்டி சொல்லாத ஒண்ணு, சமதளத்துல தான் பின்பக்கம் அதிகமா வலிக்கும். மேடு பள்ளம் இருக்கற ரோட்ல ஏத்தத்துல எழுந்து மிதிப்போம், இறக்கத்துல மிதிக்காம விடுவோம், உடம்புக்கு ரெஸ்ட் கிடைக்கும். இங்க ரெண்டும் கிடையாது, 184 மைலுக்கு மொத்த ஏத்த இறக்கமே 605 அடி தான், அதுவும் லாக், அதாவது படகை ஒரு மட்டத்துல இருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏத்தி இறக்கற கதவு போட்ட தொட்டி, வர்ற இடத்துல மட்டும் சின்ன சரிவா வரும், அப்படி 74 லாக். அதனால நாள் முழுக்க ஒரே இடத்துல ஒக்காந்து ஒரே மாதிரி மிதிச்சுக்கிட்டே இருப்பீங்க, உள்ளங்கை மரத்துப் போகும். வலிக்கறதுக்கு முன்னாடியே, கால் மணிக்கு ஒரு தடவ எழுந்து பத்து சுத்து மிதிங்க, ஹேண்டில்பார் புடிய மாத்திக்கிட்டே இருங்க. கேப்ல நாளைக்கு 50 மைல் ஈஸியா போறவங்க டோபாத்ல 40னு போட்டுக்கோங்க, மழை வந்தா 30.

கேப் பக்கம் சாப்பாடு, தண்ணி, படுக்க இடம் பிரச்சனையே இல்ல, கானல்ஸ்வில், ஓஹையோபைல், கான்ஃப்ளுயன்ஸ், மையர்ஸ்டேல்னு ஊர் வந்துக்கிட்டே இருக்கும். (யாக்கியோகேனி ஆத்த ஒட்டி போற ஓஹையோபைல் பகுதி தான் மொத்த ரூட்லயே அழகு, அங்க அவசரப்படாதீங்க.) கம்பர்லாண்ட்ல இருந்து ஹான்காக் வரைக்கும் 60 மைல் தான் கவனிக்கணும், கடைன்னு நம்பி போற அளவுக்கு ஒண்ணும் இல்ல, ஒரு நாள் சாப்பாட்ட கம்பர்லாண்ட்லயே வாங்கி கட்டிக்கோங்க. டோபாத் ஓரமா நேஷனல் பார்க் சர்வீஸ் வச்சிருக்கற ஹைக்கர் பைக்கர் கேம்ப்சைட் நிறைய இருக்கு, காசு கிடையாது, முன்பதிவு கிடையாது, முதல்ல வர்றவங்களுக்கு தான், ஒரு எடத்துல ஒரு ராத்திரி. கழிப்பறையும் கை பம்பும் இருக்கும். பம்ப் தண்ணில அயோடின் போட்டிருப்பாங்க, ஒரு மாதிரி ருசி, எலுமிச்சை பவுடர் கலந்தா போயிடும். குளிர்காலத்துல பம்ப் கைப்பிடியவே கழட்டிடுவாங்க, மத்த நேரத்துலயும் சிலது வேலை செய்யாது, அதனால அடுத்த பம்ப் வரும்னு நம்பாம ரெண்டு லிட்டராவது கையிருப்பு வைங்க. ராத்திரி டென்ட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி முழங்கால் பின்னாடி, இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி ஏறியிருக்கான்னு பாக்கறது கட்டாயம், உண்ணி கடிச்சா வர்ற லைம் நோய் இந்த பக்கம் இருக்கு. மூணு மூணு இலையா பளபளன்னு இருக்கற செடி ஓரமா இருந்தா அது தொட்டா தோல் அரிக்கற பாய்சன் ஐவி, சைக்கிள சாய்க்கும்போது பாத்து சாய்ங்க.

பா பா டனலுக்கு நல்ல லைட் இல்லாம வராதீங்க. டோபாத் மைல் கல் 155 பக்கத்துல, 3,118 அடி நீளம், உள்ள விளக்கே கிடையாது, பாதை ஒடுக்கமா மேடும் பள்ளமுமா இருக்கும், பக்கத்துல மரத் தடுப்பு, அதுக்கு அந்தப் பக்கம் கால்வாய் தண்ணி. இறங்கி தள்ளிக்கிட்டு போறது தான் புத்திசாலித்தனம், அப்ப தான் சுவர்ல அடுக்கடுக்கா வச்ச செங்கல்லயும் தடுப்புல கயிறு உரசி உரசி விழுந்த தடத்தயும் பாக்க முடியும். 1836ல தோண்ட ஆரம்பிச்சு 1850ல தான் திறந்தாங்க. கால்வாயும் பால்டிமோர் அண்ட் ஒஹையோ ரயிலும் 1828 ஜூலை 4ன்னு ஒரே நாள்ல வேலைய ஆரம்பிச்சது, ரயில் 1842லயே கம்பர்லாண்ட் போய் சேந்துடுச்சு, பாவம் கால்வாய்.

சேறு ஓவரா போச்சுன்னா ஒரு தப்பிக்கற வழி இருக்கு. லிட்டில் ஆர்லீன்ஸ்ல இருந்து ஹான்காக் வழியா பிக் பூல் வரைக்கும் டோபாத்துக்கு இணையாவே வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரெயில் டிரெயில் ஓடுது, 28 மைல் கிட்ட, பெரும்பாலும் தார். மழை நேரத்துல யோசிக்காம அதுல ஏறிடுங்க, டோபாத்த விட்டுட்டோமேன்னு கௌரவம் பாக்க வேணாம். ஆறு பெருகினா டோபாத்த சில இடத்துல மூடிடுவாங்க, கிளம்பறதுக்கு முந்தின நாள் பார்க் சர்வீஸ் அறிவிப்ப ஒரு தடவ பாத்துடுங்க.

ரூல்ஸ் பெருசா ஒண்ணும் இல்ல: டோபாத்ல 15 மைல் வேகத்துக்கு மேல கூடாது, பெல் வேணும், நடக்கறவங்களுக்கு வழி விடணும், கால்வாய ஆத்துக்கு மேல கொண்டு போற கல் பாலம், அதாவது அக்விடக்ட், மேல இறங்கி தள்ளணும். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஊருக்குள்ள போகணும்னா ரயில் பாலத்தோட நடைபாதை வழியா ஆத்த தாண்டணும், அதுக்கு படிக்கட்டுல சைக்கிள தூக்கணும், லக்கேஜ கழட்டிட்டு ரெண்டு தடவயா ஏறுங்க.

வழி தப்பறதுக்கு சான்ஸே இல்ல, ஆனா மைல் கல் கொஞ்சம் குழப்பும். கம்பர்லாண்ட் தான் கேப்புக்கு 0, அங்க வர்ற வரைக்கும் எண் 150ல இருந்து இறங்கிக்கிட்டே வரும், வந்ததும் திரும்ப 184ல இருந்து இறங்க ஆரம்பிக்கும். கடைசி 0 கல்லு ஜார்ஜ்டவுன்ல தாம்சன் போட் சென்டர் பின்னாடி ஆத்தோரமா இருக்கு, கடைத்தெரு பக்கம் திரும்பிட்டா மிஸ் பண்ணிடுவீங்க. திரும்பி வர ஆம்ட்ராக் ரயில் இருக்கு, யூனியன் ஸ்டேஷன்ல ஏறி கம்பர்லாண்ட் வழியா பிட்ஸ்பர்க் போகும், போய் சேர நள்ளிரவு ஆகும், அந்த ராத்திரிக்கு ரூம் இப்பவே போட்டுடுங்க. சைக்கிள் வைக்கற இடம் அந்த ரயில்ல ரொம்ப கம்மி, அதனால முதல்ல ரயில்ல சைக்கிள் டிக்கெட் கிடைக்கற தேதிய பாருங்க, அப்புறம் லீவு போடுங்க.