பைபர் படகின் டெக் அமுங்கினால் செய்யக் கூடாதவை

என் மச்சான் கொச்சிப் பக்கமிருந்து ஒரு பழைய பைபர் படகை மினி லாரியில் ஏற்றி, பாலக்காடு வழியாகக் கொண்டுவந்து, பவானிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் களத்தில் இறக்கினான். பதினாறு அடி. வெளியே பளபளவென்று இருந்தது. முன்பக்கத் தளத்தில், அதாவது டெக்கில், ஏறி நின்றதும் காலடியில் லேசாக அமுங்கி எழுந்தது.

"ரெண்டு மேட் ஒட்டீட்டாப் போச்சுங்ணா" என்றார் பைபர் வேலை செய்பவர். மேட் என்பது ரெசின் என்னும் பிசினில் நனைத்து ஒட்டும் கண்ணாடியிழை விரிப்பு. கரூரில் பஸ் பாடி கட்டிப் பழகியவர், கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஒட்டினார். ஆறு மாதத்தில் அதே இடம் மறுபடி அமுங்கியது, இந்த முறை ஒரு முறம் அகலத்துக்கு.

தப்பு அவர் கையில் இல்லை, நாங்கள் டெக்கைப் புரிந்துகொண்ட விதத்தில் இருந்தது. பஸ்ஸின் முகப்பு ஒற்றைத் தோல். படகின் டெக் அப்படியில்லை. மேலே ஒரு கண்ணாடியிழைத் தோல், கீழே இன்னொன்று, நடுவில் ப்ளைவுட்டோ பால்சா என்ற லேசான கட்டையோ இருக்கும். இரண்டு தோலையும் நடுமரம் விலக்கிப் பிடித்திருப்பதால்தான் டெக் விறைப்பாக நிற்கிறது. மரம் மக்கினால் இரண்டும் தனித்தனியாக வளையும். அதன்மேல் மேட் ஒட்டுவது உள்ளே இருக்கும் ஈரத்துக்கு மூடி போடுவதுதான்.

"கடலில் ஓடின படகு, உப்புத் தண்ணி அரிச்சிருக்கும்" என்று பலரும் சொன்னார்கள். நிஜம் இதற்கு நேர்மாறு. மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது, மழைத்தண்ணீர்தான் தோது. கடலை விட்டு மேட்டுநிலத்துக்கு வந்து, புளியமரத்தடியில் மூன்று ஐப்பசி மழையை வாங்கிய படகுதான் வேகமாக மக்கும்.

அடுத்த தவறு, அமுங்கும் இடத்தை மட்டும் வெட்டுவது. பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போலச் சின்னச் சுத்தியலின் கைப்பிடியால் டெக் முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடம் 'டங்' என்று திருப்பிச் சொல்லும். கெட்ட இடம் 'தொப்' என்று விழுங்கிவிடும். சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே போங்கள். எங்கள் படகில் காலுக்குத் தெரிந்தது ஒரு முழம், சாக்கட்டி காட்டியது ஐந்து முழம். அந்தக் கோடு ஏறக்குறைய எப்போதும் ஏதாவது ஒரு திருகாணியில் போய் முடியும். கயிறு கட்டும் கொக்கி, கைப்பிடிக் கம்பி, மூடியின் கீல் என்று துளை போட்ட இடமெல்லாம் தண்ணீருக்கு வாசல். அந்த வாசலை அடைக்காமல் மரத்தை மட்டும் மாற்றினால், இரண்டு மழைக்காலத்தில் இதே வேலையை மறுபடி செய்வீர்கள்.

துளை போட்டு, தண்ணியான எபாக்ஸியை (கலக்கினால் இறுகும் ஒரு ரெசின்) ஊசியால் ஏற்றினால் மரம் கெட்டியாகிவிடும் என்றும் சொல்வார்கள். காய்ந்த மரத்தில் உள்ளங்கை அளவு இடத்துக்கு உதவலாம். ஈரம் குடித்த மரத்தில் எபாக்ஸி இறங்காது. ஈரத்தைச் சுற்றி ஒரு கூடு கட்டிவிட்டு நின்றுவிடும்.

ஆகவே திறக்கத்தான் வேண்டும். எடுத்த எடுப்பில் கிரைண்டரை ஆழமாக இறக்கிக் கீழ்த்தோலையும் வெட்டிவிடாதீர்கள். டெக்கின் வளைவைப் பிடித்து வைத்திருப்பது அதுதான், அது போனால் அச்சே போய்விடும். முதலில் ஓர் ஓரத்தில் சின்னத் துளை போட்டு மேல்தோலின் கனத்தைப் பாருங்கள். எங்களுடையது 3 மி.மீ. அந்த ஆழத்துக்கு மட்டும் வெட்டி, உளியால் நெம்பினோம். உள்ளே கறுத்த கூழ், பருத்திக்கொட்டை ஊறப்போட்டு மறந்துபோன தொட்டியின் நாற்றம். கரண்டியால் வழித்தே எடுத்துவிட்டோம். நிறம் மாறாத, நகம் இறங்காத மரம் வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். பழுப்பேறிய மரத்தை "இது பரவாயில்லை" என்று விட்டுவைப்பது தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி.

அப்புறம் காயவிடுவது. எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான், நானும் அவசரப்பட்டேன். மேலே தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். ஒரு துண்டு பாலிதீனை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் வெயிலில் விடுங்கள். அடியில் வேர்வை கட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. எங்களுக்கு முதல் நாள் வேர்த்தது, ஐந்தாம் நாளும் வேர்த்தது. பன்னிரண்டாம் நாள்தான் பாலிதீன் காய்ந்திருந்தது. நம் பக்கத்துக்கு மாசி மாதம் தோது. ஆடியில் ஆரம்பித்தால், பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று களத்து மண்ணையெல்லாம் ஈர ரெசினில் கொண்டுவந்து ஒட்டும். ஐப்பசி, கார்த்திகையை நினைக்கவே வேண்டாம்.

ப்ளைவுட் கடையில் "வாட்டர் ப்ரூஃப்ங்க" என்று சொல்வதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் மரைன் ப்ளை. ஐ.எஸ். 303 வீட்டு அலமாரிக்குப் போதும். மரைன் ப்ளையும் மக்காத மரமல்ல. உரியாதது அதன் பசைதான். அதனால் ஓரங்கள் உட்பட ஆறு பக்கமும் எபாக்ஸி பூசிய பிறகே உள்ளே வைக்க வேண்டும். கீழ்த்தோல் மேல் பூசும் பசையில் காற்று சிக்காமலிருக்க, பலகையில் அங்கங்கே சின்னத் துளைகள் போட்டு, மேலே மணல் மூட்டைகளை அடுக்குங்கள். துளை வழியாகப் பசை பிதுங்கினால் அடியில் நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

ரெசின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பட்டறைகளில் பெரும்பாலும் ஓடுவது பாலியெஸ்டர்; விலை குறைவு, சீக்கிரம் இறுகும். ஆனால் மரத்தை அது இறுகப் பிடிக்காது, காயும்போது சுருங்கவும் செய்யும். மரத்தோடு சேரும் இடத்தில் எபாக்ஸிதான் நல்லது. பழைய பாலியெஸ்டர் மேல் எபாக்ஸி நன்றாக ஒட்டும். எபாக்ஸி மேல் பாலியெஸ்டரை நம்ப முடியாது. பட்டறையில் கிடைக்கும் சாதாரண மேட்டையும் எபாக்ஸியோடு சேர்க்காதீர்கள். அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பானில் கரைவதற்காகச் செய்தது, எபாக்ஸியில் கரையாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். நெய்த துணி வாங்குங்கள்.

பாலியெஸ்டரை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 சதவீதம். கொஞ்சம் கூடக் குறைய ஊற்றினாலும் சமாளிக்கலாம். அந்தப் பழக்கத்தில் எபாக்ஸிக்கும் "சீக்கிரம் காயட்டும்" என்று அதோடு கலக்கும் ஹார்டனரைக் கூட்டினால் அது கடைசிவரை பிசுபிசுத்தே கிடக்கும். டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் எடைக்கா, அளவுக்கா என்று பார்த்து, சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். பாலியெஸ்டர் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றாதீர்கள், தீப்பிடித்து வெடிக்கும்.

நம் ஊர் வெயிலும் ஒரு வில்லன். பத்து டிகிரி சூடு ஏறினால் எபாக்ஸி கையில் நிற்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். பங்குனி மத்தியானத்தில் அரைக் கிலோவை ஒரே பிளாஸ்டிக் மக்கில் கலக்கிவிட்டு, டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மக்கிலிருந்து புகை. அடிப்பாகம் உருகிக் களத்து மண்ணோடு ஒட்டியிருந்தது. விடிகாலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கி, அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பிக்கொள்ளுங்கள்.

மேல்தோலை மறுபடி ஒட்டும்போது ஓரத்தைச் செங்குத்தாக விடாமல், கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 3 மி.மீ.க்கு 36 மி.மீ. தேய்ப்பதற்கு முன்பே மெழுகையும் எண்ணெயையும் துடைத்துவிடுங்கள். தேய்த்த பிறகு துடைத்தால் அழுக்கு ஏற்கெனவே கீறலுக்குள் இறங்கியிருக்கும். எபாக்ஸி காய்ந்ததும் மேலே வழவழவென்று ஒரு படலம் வரலாம். அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகே உப்புத்தாள் போடுங்கள். கடைசியில் பெயின்ட் கட்டாயம், வெயில் பட்டால் எபாக்ஸி கெட்டுவிடும்.

கண்ணாடித் தூளுக்கு முழுக்கைச் சட்டையும் நல்ல மாஸ்க்கும் வேண்டும். மூக்கில் கட்டிய துண்டு போதாது.

திருகாணிகளைப் பழைய துளையில் அப்படியே முடுக்கிச் சுற்றிலும் சிலிக்கான் தடவுவதுதான் எல்லோரும் செய்வது. துளையைப் பெரிதாக்கி, எபாக்ஸிக் கூழால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் புதுத் துளை போடுங்கள். அப்போது தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. சீலன்ட் பாலியூரிதேன் வகையாக இருக்கட்டும். சிலிக்கான் பட்ட இடத்தில் பின்னால் பெயின்ட்கூட ஒட்டாது.

மச்சான் இப்போது படகைத் தென்னங்கட்டை மேல் மூக்குத் தூக்கினாற்போல் நிறுத்தி, தண்ணீர் வடிய அடித்தக்கையைக் கழற்றி வைத்திருக்கிறான். தார்ப்பாயை இறுக்கிக் கட்டியிருந்தான். காற்றுப் போக இரண்டு பக்கமும் ஒரு சாண் தூக்கிவிடச் சொன்னேன். "ஏனுங் மாமா, கோழி உள்ள பூந்துக்குமே" என்கிறான்.